தானியங்கிக் கியர்பெட்டிப் பழுது: புதுப்பிப்பதா, மாற்றுவதா?

தானியங்கிக் கியர்பெட்டி என்பது, ஓட்டுநர் கிளட்சை மிதித்துக் கியர் மாற்றாமல், வண்டியின் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்பத் தானே கியர் மாற்றிக்கொள்ளும் இயந்திர அமைப்பு ஆகும். பட்டறைகளில் இது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றும், சுருக்கமாகப் ‘பெட்டி’ என்றும் வழங்கப்படுகிறது. இது பழுதடையும்போது உரிமையாளர் முன் இரண்டு வழிகள் வைக்கப்படுகின்றன. பெட்டியை இறக்கிப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மட்டும் மாற்றி மீண்டும் பூட்டுவது ஒன்று. பெட்டியையே முழுதாக மாற்றிவிடுவது மற்றொன்று. இரண்டிலும் செலவு பெரியது. பழைய கார்களில் அது வண்டியின் விலையில் பாதியைக்கூட எட்டிவிடும். ஆகவே எந்த வழியை எப்போது தேர்வது என்பதை அறிந்துவைத்திருப்பது பயன் தரும்.

திருநெல்வேலி வட்டாரத்தில் இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்ததற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை பதிவாயிற்று. திருநெல்வேலிச் சந்திப்பு, கொக்கிரகுளம் பகுதிகள் தொடங்கி ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரை வீடுகளும் வாகனங்களும் நீரில் நின்றன. குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்தில் மூழ்குவது நெல்லைக்காரர்களுக்குப் புதிதன்று. ஆற்றின் நடுவே, மூழ்கி எழுவதற்கென்றே கட்டிய கோயில் அது. கார் அப்படிக் கட்டப்பட்டதன்று. அதிலும் தானியங்கிக் கியர்பெட்டிக்கு நீர்தான் முதல் பகை. அதன் காரணத்தை அறிய, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள் இருப்பவை

எஞ்சின் சுழலும் வேகமும் சக்கரம் சுழல வேண்டிய வேகமும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே பற்சக்கரங்களை வைத்து, ஏற்றத்தில் விசையைக் கூட்டியும் சமதளத்தில் வேகத்தைக் கூட்டியும் தருவதே எந்தக் கியர்பெட்டிக்கும் உள்ள வேலை. சாதாரணப் பெட்டியில் ஓட்டுநரின் இடது காலும் இடது கையும் செய்வதை, தானியங்கிப் பெட்டியில் எண்ணெயின் அழுத்தமும் ஒரு சிறு கணினியும் செய்கின்றன.

எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே, உலோகப் பிடிப்புக்குப் பதிலாக எண்ணெய் நிரம்பிய டார்க் கன்வர்ட்டர் இருக்கும். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றுப் பட்டு மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்தால் அதுவே கன்வர்ட்டரின் அடிப்படை. இரண்டு இறகுச் சக்கரங்களுக்கு நடுவே மூன்றாவதாக உள்ள ஸ்டேட்டர், திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றிவிடுவதால், வண்டி புறப்படும் நேரத்தில் விசை கூடுகிறது. பாய்மத்தின் வழியே ஆற்றலைக் கடத்தும் இந்த முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் கப்பல்களுக்காக உருவாக்கினார். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ‘ஹைட்ரா-மேட்டிக்’ என்ற பெயரில் தந்ததே பெருமளவில் விற்பனையான முதல் முழுத் தானியங்கிப் பெட்டி.

கன்வர்ட்டருக்கு அடுத்து வருவது கோள் பற்சக்கரத் தொகுதி. நடுவில் சூரியச் சக்கரம், அதைச் சுற்றிக் கோள் சக்கரங்கள், வெளியே வளையச் சக்கரம். இவற்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழலவிடுகிறோம் என்பதைப் பொறுத்து வெவ்வேறு கியர் விகிதங்கள் கிடைக்கும். பிடிப்பதையும் விடுவதையும் செய்பவை கிளட்ச் அடுக்குகள். எஃகுத் தகடும் உராய்வுத் தகடும் மாறி மாறி அடுக்கியிருக்க, எண்ணெயின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளி அவற்றை இறுக்குகிறது. எந்த அடுக்குக்கு எண்ணெய் போக வேண்டும் என்பதை வால்வ் பாடி என்னும் பகுதி தீர்மானிக்கிறது. அலுமினியக் கட்டையில் வாய்க்கால்களைப் போலக் குடைந்த வழிகளும், அவற்றை மடை போலத் திறந்து மூடும் வால்வுகளும், மின்னாணையில் இயங்கும் சோலனாய்டுகளும் கொண்டது அது. கன்னடியன் கால்வாயில் எந்த மடையைத் திறந்தால் எந்த வயலுக்கு நீர் பாயும் என்று தெரிந்தவர்களுக்கு வால்வ் பாடியைப் புரிந்துகொள்வது கடினமாக இராது.

உராய்வுத் தகட்டின் மேற்பரப்பு உலோகமன்று. காகித நார் கலந்த ஒரு பூச்சு, பிசினால் எஃகில் ஒட்டப்பட்டிருக்கும். எண்ணெயில் ஊறி வேலை செய்ய வேண்டிய இந்தப் பூச்சு நீரை உறிஞ்சினால் உப்பும், ஒட்டு விடும், பிறகு உரிந்து வரும். உரிந்த துகள் வால்வ் பாடியின் நுண்வழிகளை அடைக்கும். எஃகுத் தகடுகளிலும் தாங்கிகளிலும் துரு ஏறும். நீர் தானியங்கிப் பெட்டிக்குப் பகையாவது இதனால்தான்.

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றல்ல

‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே பெயரில் விற்கப்படும் கார்களில் குறைந்தது நான்கு வகைப் பெட்டிகள் உள்ளன. புதுப்பிப்பதா மாற்றுவதா என்பதன் விடை வகைக்கு வகை மாறும். இதைக் கேட்டறியாமல் பக்கத்து வீட்டுக்காரரின் செலவோடு தன் செலவை ஒப்பிடுவது வீண்.

மேலே விளக்கிய கன்வர்ட்டர் வகைதான் பழையது. புதுப்பித்தலுக்கு மிகவும் ஏற்றதும் இதுவே. இதன் பாகங்கள் தனித்தனியே கழற்றக்கூடியவை. தேயும் பாகங்கள் எவை, தேயாதவை எவை என்பது தெளிவு.

இந்தியாவில் சிறிய கார்களில் தானியங்கி வசதியைப் பரவலாக்கியது ஏ.எம்.டி. வகை. 2014இல் மாருதி சுஸுகி செலேரியோவில் அறிமுகமாகி, பின்னர் பல நிறுவனங்களின் கார்களுக்கும் பரவியது. உள்ளே இருப்பது சாதாரணக் கையியக்கப் பெட்டியும் சாதாரணக் கிளட்சும்தான். கிளட்சை அழுத்தவும் கியரை நகர்த்தவும் ஓர் இயக்கி மட்டும் மேலே பொருத்தப்பட்டிருக்கும். இதில் பழுது பெரும்பாலும் கிளட்சிலோ இயக்கியிலோ இருக்கும். முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும் என்று ஏ.எம்.டி. காருக்கு யாரேனும் சொன்னால், ஏன் என்று இரண்டு முறை கேட்பது நல்லது.

சி.வி.டி. வகையில் படிப்படியான கியர்களே இல்லை. இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு இடையே ஓர் எஃகுப் பட்டை ஓடும். கப்பிகள் நெருங்கியும் விலகியும் விகிதத்தை மாற்றும். பட்டை வழுக்கிக் கப்பியின் முகத்தில் கீறல் விழுந்துவிட்டால் கடைந்து சரிசெய்ய இயலாது. பட்டையையும் கப்பிகளையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும். அதற்கான துல்லியக் கருவிகள் எல்லாப் பட்டறைகளிலும் இருப்பதில்லை என்பதால், இவ்வகையில் முழு மாற்றமே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. இரட்டைக் கிளட்ச் கொண்ட டி.சி.டி. வகையில் கிளட்ச் தொகுதி, மின்னியக்கக் கட்டுப்பாட்டுத் தொகுதி ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றலாம். பற்சக்கரங்கள் அரிதாகவே கெடும்.

நோயறிதல்

பெட்டிதான் கெட்டது என்று முடிவு செய்வதற்கு முன் வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். வலுவிழந்த பேட்டரி, எலி கடித்த ஒயர், பழுதான வேக உணரி, தளர்ந்த எஞ்சின் மவுண்ட் ஆகிய ஒவ்வொன்றும் கியர்பெட்டிக் கோளாறு போலவே வேடமிடும். எஞ்சினின் ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டால் ஏற்படும் அதிர்வைக் கன்வர்ட்டரின் நடுக்கம் என்று தவறாக எண்ணுவதுண்டு. எண்ணெய் அளவு குறைந்திருந்தாலே பெட்டி வழுக்கும். பெட்டியை இறக்கச் சொல்லும் பட்டறை, அதற்கு முன் ஸ்கேனரில் பிழைக் குறியீடுகளைப் பார்த்ததா, எண்ணெயின் அழுத்தத்தை அளந்ததா என்று கேட்பதில் தவறில்லை.

உண்மையான பெட்டிக் கோளாற்றுக்குச் சில அடையாளங்கள் உண்டு. ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் இரைகிறது, ஆனால் வண்டி வேகம் பிடிப்பதில்லை. ‘டி’யிலோ ‘ஆர்’இலோ போட்டபின் ஓரிரு நொடி கழித்தே இடித்துக்கொண்டு நகர்கிறது. சூடேறியபின் மட்டும் கியர் மாற மறுக்கிறது. சில நேரங்களில் கணினி தன்னைக் காத்துக்கொள்ள ஒரே கியரில் நிலைத்துவிடும். பட்டறைகளில் இதை ‘லிம்ப் மோடு’ என்பர்.

இரத்தப் பரிசோதனைக்கு ஒப்பானது எண்ணெய்ப் பரிசோதனை. ஏ.டி.எஃப். எனப்படும் இந்த எண்ணெய் பொதுவாகச் செந்நிறமாக இருக்கும். வயதாகும்போது பழுப்பாவது இயல்பு. கருத்துக் கருகல் வாடை அடித்தால் உராய்வுத் தகடுகள் எரிந்துள்ளன. ரோஸ்மில்க் போல வெளிறிக் கலங்கியிருந்தால் நீர் கலந்துள்ளது. பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே காந்தம் ஒன்று இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை மெல்லியதாகப் படிந்திருப்பது வழக்கமான தேய்மானம்; அஞ்ச வேண்டாம். பளபளக்கும் சில்லுகளோ ஊசி போன்ற துண்டுகளோ இருந்தால் பற்சக்கரமோ தாங்கியோ உடைந்துள்ளது என்று பொருள். புதுப்பிப்பதா மாற்றுவதா என்ற முடிவில் பாதி இந்தத் தட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆகவே தட்டைத் திறக்கும்போது உரிமையாளர் உடனிருப்பது நல்லது.

‘எண்ணெய் மாற்றியதால்தான் பெட்டி போயிற்று’ என்ற பேச்சு ஊரில் பரவலாக உண்டு. பெரும்பாலும் நடப்பது வேறு. வழுக்கத் தொடங்கிய பிறகு, கடைசி முயற்சியாக எண்ணெயை மாற்றுகிறார்கள். தகடு ஏற்கெனவே எரிந்திருப்பதால் புது எண்ணெய் அதைக் காப்பாற்றுவதில்லை. பழி எண்ணெய்மேல் விழுகிறது. அடித்தட்டு வழியாக வடித்தால் மொத்த எண்ணெயில் ஏறத்தாழப் பாதியே வெளியேறும், மீதி கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும் என்பதும் பலர் அறியாதது.

வெப்பமும் ஏற்றமும்

வெள்ளம் எப்போதாவது வருவது. வெப்பம் இங்கே ஆண்டு முழுதும் உள்ளது. தானியங்கிப் பெட்டியின் எண்ணெய் ஏறத்தாழ 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இயல்பாக வேலை செய்யும். 120 டிகிரியைத் தாண்டினால் விரைவாகச் சிதையத் தொடங்கும். கன்வர்ட்டர் வழுக்கும்போது வீணாகும் ஆற்றல் முழுதும் எண்ணெயில் வெப்பமாகவே சேர்கிறது. சமதளத்தில் சீராக ஓடும்போது உள்ளிருக்கும் பூட்டுக் கிளட்ச் இறுகி வழுக்கலை நிறுத்திவிடும். அம்பாசமுத்திரம் சாலையில் ஓடும் காருக்கு இதனால் சிரமம் குறைவு. மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில், குறைந்த வேகத்தில், முழுச் சுமையோடு, குளிர்சாதனமும் ஓட ஏறும்போது பூட்டுக் கிளட்ச் அதிகம் இறுகுவதில்லை. வெப்பம் ஏறிக்கொண்டே போகும். கியர்த் தேர்வியை ‘எல்’, ‘2’ அல்லது கைமுறை நிலையில் வைத்துக் கீழ்க்கியரில் ஏறுவது இதைக் கணிசமாகக் குறைக்கும். ஏ.எம்.டி. கார்களில் ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலேட்டராலேயே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் கிளட்சை எரித்துவிடும்.

ரேடியேட்டருக்குள் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் உள்ள கார்களில் இன்னோர் ஆபத்து உண்டு. அக்குழாய் அரித்துப்போனால் கூலண்ட் பெட்டிக்குள் கலந்துவிடும். வெள்ளத்தைக் காணாத வண்டியிலும் எண்ணெய் வெளிறிக் கலங்கியிருந்தால் இதையே முதலில் ஐயப்பட வேண்டும். ரேடியேட்டரை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் சரிசெய்தால் சில வாரங்களில் அதே நிலை திரும்பும்.

வெள்ளத்தில் நின்ற பெட்டி

கியர்பெட்டி முற்றிலும் அடைபட்டதன்று. சூடேறும் காற்று வெளியேற மேலே ஒரு சிறு மூச்சுக்குழாய் இருக்கும். ஓடிவந்த சூட்டோடு வண்டி நீரில் இறங்கினால், பெட்டியின் உள்ளே உள்ள காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அழுத்தம் குறையும். மூச்சுக்குழாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் அதன் வழியே நீர் உறிஞ்சப்படும். சூடான பாட்டிலை மூடாமல் நீரில் கவிழ்த்தால் நீர் உள்ளே ஏறுவதுபோலத்தான் இது. வீட்டு வாசலில் குளிர்ந்து நின்ற வண்டியில் நீர் மெல்ல ஏறி மெல்ல வடிந்திருந்தால் உள்ளே புகுந்த அளவு குறைவாக இருக்கக்கூடும். ஆனால் திறந்து பார்க்காமல் அதை நம்பக் கூடாது.

நீர் வடிந்தபின் எஞ்சினை ஒருமுறை முடுக்கிப் பார்ப்பதே மிகப் பெரிய சேதத்தை உண்டாக்குகிறது. எஞ்சின் ஓடினால் பெட்டியின் பம்பும் ஓடும். அடியில் தங்கியிருந்த நீர் ஒரே நிமிடத்தில் எல்லாக் கிளட்ச் அடுக்குகளுக்கும் போய்ச் சேரும். முடுக்காமல், அன்றைக்கோ மறுநாளோ எண்ணெயை வடித்துப் புது எண்ணெயால் பலமுறை அலசிய பெட்டிகளுக்குப் பிழைக்கும் வாய்ப்பு உண்டு. கலங்கிய எண்ணெயோடு வாரக்கணக்கில் நின்ற பெட்டிக்கு அலசல் போதாது. அதைப் பிரித்தே ஆக வேண்டும்.

வண்டியை இழுத்துச் செல்லும் முறையிலும் கவனம் வேண்டும். எஞ்சின் நின்றிருக்கையில் பம்ப் ஓடாது, பெட்டிக்குள் எண்ணெய் சுற்றாது. இயக்கும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால் உராய்வில் தாங்கிகள் தேயும். வண்டியை முழுதாக ஏற்றிச் செல்லும் மேடை லாரியோ, இயக்கும் சக்கரங்களைத் தூக்கிச் செல்லும் ரெக்கவரி வண்டியோ வேண்டும். டிராக்டரில் கயிறு கட்டி இழுப்பது வெள்ள நாட்களில் வழக்கம்தான். நல்ல பெட்டிகளும் அதில் கெட்டுப்போகக்கூடும்.

புதுப்பித்தல்

முறையான புதுப்பித்தலில் பெட்டி இறக்கப்பட்டு முழுதும் பிரிக்கப்படும். எல்லா உராய்வுத் தகடுகளும், ரப்பர் சீல்களும், கேஸ்கெட்டுகளும், வடிகட்டியும் புதிதாகப் போடப்படும். எஃகுத் தகடுகள் நீலம் பாய்ந்திருந்தால் அவையும் மாறும். பற்சக்கரங்கள், பம்ப், தண்டுகள் அளந்து பார்க்கப்படும். வால்வ் பாடி கழுவப்பட்டுச் சோலனாய்டுகள் சோதிக்கப்படும். கன்வர்ட்டர் பற்றவைத்து மூடப்பட்ட பாகம். அதைப் பட்டறையில் வெறுமனே கழுவ முடியாது. வெட்டித் திறந்து சரிசெய்து மீண்டும் பற்றவைத்துச் சமன் பார்க்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும், இல்லையேல் வேறு போட வேண்டும். குளிர்விக்கும் குழாய்களை அலசாமல் விட்டால் அங்கே தங்கிய துகள்கள் புதுத் தகடுகளைத் தேடி வரும். கடைசியாகக் கணினியின் பழைய நினைவை அழித்து, புதிய கிளட்ச் இடைவெளிகளைக் கற்கச் செய்ய வேண்டும். இவற்றில் கன்வர்ட்டர், குழாய் அலசல், கணினிக் கற்பித்தல் ஆகிய மூன்றும்தான் மலிவான எஸ்டிமேட்டுகளில் பெரும்பாலும் விடுபடுபவை.

புதுப்பித்தலின் வெற்றி பாகங்களைவிடக் கையைப் பொறுத்தது. திருநெல்வேலியில் கையியக்கப் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. தானியங்கிப் பெட்டி தனித் தொழில். ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு இடைவெளி கூடினாலும் கியர் இடிக்கும். இதே மாதிரிப் பெட்டியை முன்பு எத்தனை பிரித்திருக்கிறார், அழுத்தமானி உண்டா, அந்த நிறுவனத்துக்குரிய ஸ்கேனர் உண்டா என்பவை கேட்க வேண்டிய கேள்விகள். விடை நிறைவாக இல்லாவிட்டால் பெட்டியை மட்டும் இறக்கி மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ தேர்ந்தவர்களிடம் அனுப்புவது உண்டு. அப்போது இறக்கிப் பூட்டுபவர் ஒருவர், பிரிப்பவர் வேறொருவர். பிறகு கோளாறு வந்தால் ஒருவரை ஒருவர் கைகாட்டுவர். உத்தரவாதத்தை யார் தருகிறார் என்பதை முன்பே எழுதி வாங்க வேண்டும்.

மாற்றுதல்

மாற்றுப் பெட்டியிலும் மூன்று தரம் உண்டு. நிறுவனத்திலிருந்து வரும் புத்தம்புதுப் பெட்டி விலை மிகுந்தது. தவறும் வாய்ப்பு மிகக் குறைவு. தொழிற்சாலை முறையில் புதுப்பித்துச் சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்த மறுவார்ப்புப் பெட்டி, கிடைத்தால், விலைக்கும் நம்பகத்துக்கும் நடுவழி. மூன்றாவது, விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து கழற்றிய பழைய பெட்டி. சென்னைப் புதுப்பேட்டை இவ்வகை உதிரிபாகங்களுக்குப் பேர்போன சந்தை. விலை குறைவு என்பதே அதன் பெரும் கவர்ச்சி. அந்தப் பெட்டி எவ்வளவு ஓடியது என்பது எழுதி ஒட்டியிருப்பதில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியிலிருந்து வந்ததா என்பதும் தெரியாது. 2015 சென்னை வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நின்ற வண்டிகளின் பாகங்கள் எங்கே போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் போதும். அடித்தட்டைத் திறந்து காட்டச் சம்மதிக்காத கடையில் வாங்காமல் இருப்பதே நன்று. பெட்டியின் குறியீட்டு எண் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒரே மாதிரி காரிலும் ஆண்டுக்கு ஆண்டு விகிதங்களும் மின்னிணைப்புகளும் மாறியிருக்கும்.

பதிவுச் சான்றில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் மட்டுமே உள்ளன, கியர்பெட்டி எண் இல்லை. எனவே அதே வகைப் பெட்டியைப் போடுவதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் செல்ல வேண்டியதில்லை. தானியங்கியைக் கழற்றிவிட்டுக் கையியக்கப் பெட்டி போடலாமே என்று சிலர் யோசனை சொல்வர். உற்பத்தியாளரின் மூல விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. பெடல், ஒயரிங், கணினி என எல்லாமும் மாற வேண்டியிருப்பதால் மிச்சமும் பெரிதாக இராது. இடக்கால் இயங்காத மாற்றுத்திறனாளி ஒருவர் ஓட்டும் காராக இருந்தால் இந்த யோசனைக்கே இடமில்லை. முழங்கால் தேய்ந்த முதியவர்களுக்கும் ஏறத்தாழ அப்படித்தான். அவர்களுக்குப் பெட்டி பழுதாகிக் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் வெளியே போகாத வாரம். புதுப்பித்தலுக்கு மூன்று வாரம், மாற்றுதலுக்கு மூன்று நாள் என்றால் அந்த வேறுபாட்டுக்கும் ஒரு விலை உண்டு.

இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்ட நிறுவனங்களின் கார்களுக்குக் கூடுதல் சிக்கல் உண்டு. செவர்லே கார்களின் விற்பனை 2017இல் முடிந்தது. மறைமலைநகர் ஆலையைக் கொண்டிருந்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சேவையும் உதிரிபாகமும் தொடரும் என்றும் கூறியது. இத்தகைய வண்டிகளுக்கு முழுப் பெட்டி வந்துசேரும் காலத்தை முதலில் கேட்டறிய வேண்டும். பெட்டி வரத் தாமதமாகும் இடத்தில் புதுப்பித்தல் ஒன்றே நடைமுறை வழியாகிவிடும்.

கணக்குப் பார்த்தல்

பழுதுச் செலவை வண்டியின் இன்றைய சந்தை விலையோடு ஒப்பிட வேண்டும், வாங்கிய விலையோடு அன்று. கணக்குக்காக ஒரு காரின் இன்றைய விலை 4,00,000 ரூபாய் என்று கொள்வோம். பழுதான பெட்டியோடு விற்றால் 2,20,000 கிடைக்கும், புதுப்பிக்க 90,000, புதுப் பெட்டி போட 2,30,000 ஆகும் என்று வைத்துக்கொண்டால், புதுப்பித்தவர் 90,000 போட்டு 1,80,000 மதிப்பை மீட்கிறார். புதுப் பெட்டி போட்டவர் 2,30,000 போட்டு அதே மதிப்பை மீட்கிறார். அந்தக் கூடுதல் தொகை, வண்டியை இன்னும் ஆறேழு ஆண்டு வைத்திருப்பவருக்கு மட்டுமே பொருளுள்ளது. எஞ்சினும் ஓடும் தளமும் அதுவரை தாங்குமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 15 ஆண்டுப் பதிவுக் காலம் முடிய இரண்டே ஆண்டு இருக்கும் வண்டிக்குப் புதுப் பெட்டி போடுவது வீண் செலவு.

பற்சக்கரமும் பெட்டியின் உறையும் நன்றாக இருந்து தகடுகளும் சீல்களும் மட்டும் போயிருந்தால், நல்ல கை கிடைக்கும் இடத்தில், புதுப்பித்தலே சரி. உறை விரிந்திருந்தால், பம்பும் கோள் சக்கரங்களும் சேர்ந்து உடைந்திருந்தால், துரு தாங்கிகள் வரை ஏறியிருந்தால், மாற்றுதல். பிரித்துப் பார்த்த பின்னர் எஸ்டிமேட் புதுப் பெட்டி விலையின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினாலும் மாற்றுதலே நல்லது. இந்த அளவுகோல் சட்டமன்று, பொதுப்புத்தி.

காப்பீடு

தேய்மானத்தால் கெட்ட பெட்டிக்கு மோட்டார் காப்பீடு பணம் தராது. இயந்திரக் கோளாறு விலக்குப் பட்டியலில் உள்ளது. வெள்ளத்தால் கெட்டதற்கு, சொந்தச் சேதப் பாதுகாப்பு உள்ள பாலிசியில் இழப்பீடு கேட்கலாம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு எதுவும் கிடையாது. நீரில் நின்ற வண்டியை முடுக்கியதால் வந்த சேதத்தைப் பின்விளைவுச் சேதம் என்று காப்பீட்டு நிறுவனம் மறுக்கக்கூடும். எஞ்சின் பாதுகாப்பு எனப்படும் கூடுதல் பிரிவு இதற்கென்றே உள்ளது. அதில் கியர்பெட்டியும் அடங்குமா என்று பாலிசியில் பார்க்க வேண்டும்.

வெள்ளச் சேதத்தில் முடிவைச் சில நேரம் உரிமையாளர் எடுப்பதே இல்லை. காரின் விலைப்பட்டியல் தொகை 10,00,000 என்றும், வயது மூன்றரை ஆண்டு என்றும் கொள்வோம். 40 விழுக்காடு கழித்துக் காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி. 6,00,000 ஆகும். மொத்தப் பழுதுச் செலவு அதில் 75 விழுக்காட்டை, அதாவது 4,50,000ஐத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். அதற்குக் குறைவாக இருந்து, 2,00,000 ரூபாய்க்குப் பெட்டி மாற்றப்பட்டால், இந்த வயதில் உலோகப் பாகங்களுக்கு 25 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். 50,000 உரிமையாளர் கையிலிருந்து போகும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு வயது பார்க்காமல் 50 விழுக்காடு கழிக்கப்படும். தேய்மானக் கழிவில்லாக் கூடுதல் பிரிவு எடுத்திருந்தால் இக்கழிவுகள் இல்லை. சர்வேயர் பார்ப்பதற்கு முன் பெட்டியைப் பிரித்துவிடக் கூடாது.

ரசீதும் உத்தரவாதமும்

வேலை தொடங்கும் முன் எழுத்து மூலமான எஸ்டிமேட் வாங்க வேண்டும். எந்தப் பாகம் புதிது, எது பழையதையே போடுவது, கன்வர்ட்டர் சேர்ந்ததா, உத்தரவாதம் எத்தனை மாதம் அல்லது எத்தனை கிலோமீட்டர் என்பவை அதில் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. ரசீதைத் தவிர்த்தால் வரி மிச்சம் என்று சொல்லப்படும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு வரி 18 விழுக்காடு. அதை மிச்சம் பிடிப்பவர், பின்னால் தகராறு வந்தால் காட்டுவதற்கு ஆவணமின்றி நிற்பார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். செலுத்திய தொகை 5,00,000 ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணம் இல்லை.

வண்டியை எடுக்கும்போது பட்டறை வாசலைச் சுற்றி வந்தால் போதாது. பெட்டியின் குறைகள் சூடேறிய பிறகே வெளிப்படும். திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் வரை ஏறத்தாழ 50 கி.மீ. ஓட்டினால் சமதளமும், ஊர் நெரிசலும், முடிவில் மலைச்சாரலின் ஏற்றமும் கிடைத்துவிடும். திரும்பி வந்ததும் எண்ணெய்க் கசிவையும் அளவையும் மீண்டும் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய தகடுகளைக் கேட்டு வாங்கிக்கொள்வது உரிமையாளரின் உரிமை. பெட்டியை மாற்றிக்கொள்ளும் முறையில் பழைய பெட்டி நிறுவனத்துக்கே திரும்பிப் போய்விடும் என்பதால், அது வண்டியிலிருந்து இறங்கும் முன்பே அதன் எண்ணைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.